குதிரையேறி வந்தவர்களும் கூலிக்கு வந்தவர்களும்

சென்ற திங்கள் கூடிய நம் சங்கச் செயற்குழுவில், வரும் பொங்கல் விழாவைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, இளைஞர்கள் ஒரு யோசனை வைத்தனர். திடலில் பெரிய திரை கட்டி, 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்த இரு இரவுகளில் காட்ட வேண்டும் என்பது அது. உடனே ஒரு பெரியவர் எழுந்து, "ராஜா கதை பார்த்து நமக்கு என்னப்பா ஆகப்போகிறது? சம்பள பாக்கிக்கு வழி சொல்லுங்கள்" என்றார். இன்னொருவர், "பிள்ளைகள் நம் பழம்பெருமையைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்றார். ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவு எட்டவில்லை. கடைசியில், "ஏட்டில் எழுதுங்கள், எல்லோரும் படித்துவிட்டு வரட்டும்" என்று பொறுப்பை நம் தலையில் கட்டிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். ஆகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். நாம் அந்தப் படத்துக்கு எதிரிகள் அல்லர். 2022 செப்டம்பர் 30-ம் நாள் முதல் பாகம் வெளிவந்தபோது நம் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். தெலுங்கில் பார்க்க மனமின்றி, தமிழிலேயே கேட்க வேண்டும் என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேலூருக்குப் பேருந்தேறியவர்கள் நம்மில் உண்டு. அடுத்த ஆண்டு ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகம் வந்தபோதும் அப்படியே. நம் மூத்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. 1973-ல் சிவாஜி கணேசன் நடித்து, ஏ.பி.நாகராஜன் இயக்கி வந்த 'ராஜராஜ சோழன்', தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த அகலத் திரையை வாய்பிளந்து பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுப்பதே இல்லை. கல்கியின் கதையைப் படமாக்க 1950-களின் இறுதியிலேயே எம்.ஜி.ஆர். முயன்று கைவிட்டதும் நாடறிந்தது. 1950 முதல் 1954 வரை வார வாரம் தொடராக வந்த கதை, வெண்திரைக்கு வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

படத்தில் நமக்குப் பிடித்தவன் யார் என்று கேட்டால், நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் வந்தியத்தேவன் என்கிறார்கள். கார்த்தியின் துடுக்கு ஒரு காரணம். எங்களுக்கு வேறொரு காரணமும் படுகிறது. அந்தக் கதையில் நம்மைப் போன்றவன் அவன் ஒருவன்தான். சொந்த நாடு கைவிட்டுப் போனவன். முன்னோர் ஆண்ட கதையைத் தவிரக் கையில் ஒன்றும் இல்லாதவன். யாரோ கொடுத்த ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குதிரையோடு, வேலை தேடித் தெற்கே போகிறான். போகும் வழியில் யார் வீட்டில் சோறு கிடைக்குமோ அங்கே உண்கிறான். எங்கு போனாலும் "நீ யார், எந்த ஊர், யார் அனுப்பியது?" என்ற மூன்று கேள்விகள் அவனை மறிக்கின்றன. இந்த மூன்று கேள்விகளையும் வாடகைக்கு வீடு தேடும் நாளில் நாம் கேட்காதவர்களா?

இன்னொரு வேடிக்கை. கல்கி அவனை வாணர் குலத்தவனாக, திருவல்லத்தைச் சேர்ந்தவனாக வைத்தார். வாணர்கள் ஆண்ட பெரும்பாணப்பாடி எங்கே இருந்தது? இன்றைய வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியிலிருந்து இந்தச் சித்தூர்ச் சீமை வரை பரவியிருந்தது. ரேணிகுண்டாவுக்குப் பக்கத்திலுள்ள குடிமல்லம் கோயிலில் வாணர் காலத்துக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவன் இங்கிருந்து வேலை தேடித் தஞ்சைக்குப் போனான். நாம் வேலை தேடி இங்கே வந்திருக்கிறோம். வரலாற்றில் வந்தியத்தேவர் என்று ஒருவர் இருந்தது உண்மை. இராசராசனின் தமக்கை குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவரைச் சொல்கிறது. ஓலை, ஒற்றன், ஓடக்காரப் பெண் எல்லாம் கல்கியின் கற்பனை. கற்பனை என்பதால் குறைவில்லை. ஆனால் எது கல்லில் இருக்கிறது, எது கதையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

படத்தைத் தயாரித்த இரு நிறுவனங்களில் ஒன்று லைக்கா என்பதையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. அயல்நாடுகளில் குடியேறியவர்கள் ஊருக்கு மலிவாகப் பேசுவதற்கான தொலைபேசி வணிகத்தில் வளர்ந்த குழுமம் அது. இலண்டனிலும் பாரிசிலும் ஏதோ ஓர் உணவு விடுதியில் தட்டுக் கழுவிவிட்டு, இரவில் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசிய தமிழனின் காசும் அந்தச் சோழப் பேரரசில் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு திருப்தி.

சரி, குறை என்ன? அதற்கு வருவோம்.

நம் சோழர் தஞ்சையைக் கைப்பற்றிய ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கடாரம் மேல் கப்பல் விட்ட 1025 வரைக்கும் உள்ள காலத்தில், ஐரோப்பாவின் வடகோடியில் வைக்கிங்குகள் என்ற கடலோடிகள் ஊர் ஊராகக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். 793-ல் இங்கிலாந்தின் ஒரு தீவு மடத்தைச் சூறையாடியதில் தொடங்கி 1066 வரை நீண்ட காலத்தை அவர்கள் பெயரால்தான் அங்கே அழைக்கிறார்கள். அவர்களைப் பற்றி 'தி நார்த்மேன்' என்று ஒரு படம், நம் படம் வந்த அதே 2022-ல் ஏப்ரல் திங்கள் வெளிவந்தது. தோழர் ஒருவரின் மகன் அதைக் கைபேசியில் காட்டினான். இரத்தம் மிகுதி, சிறுவர்க்கு ஆகாது. ஆனால் அதில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் அரசகுமாரன், தன் உடம்பில் தானே அடிமைச் சூடு போட்டுக்கொண்டு, விற்கப்பட்ட அடிமைகளோடு கப்பலேறி ஐஸ்லாந்துத் தீவின் ஒரு பண்ணைக்குப் போகிறான். அதன்பின் படத்தில் பாதிக்கு மேல் அந்தப் பண்ணையில்தான் நடக்கிறது. யார் சுமக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் எங்கே படுக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. அரசகுமாரன் கதைதான். ஆனாலும் அந்த அரசு யார் முதுகில் ஏறி நிற்கிறது என்பதை மறைக்கவில்லை.

நம் படத்தில்? ஐதராபாத்தில் போட்ட அரங்குகளும் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவின் கோட்டைகளும் சோழ நாடாக நிற்கின்றன. தோட்டா தரணியின் கைவண்ணத்தைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த மண்டபங்களைத் துடைப்பவர் யார்? அத்தனை குதிரைகளுக்குப் புல்லறுத்தவர் யார்? பல்லக்குத் தூக்கியவன் முகம் ஒரு நொடியாவது திரையில் நிற்கிறதா? கூட்டம் என்றால் போர்க்கூட்டம், இல்லையேல் ஆட்டக்கூட்டம். உழைக்கும் கூட்டம் காணோம்.

ஆவணம் இல்லை, அதனால் காட்ட முடியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டிக் கிடக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வரிப் பெயர்களில் ஒன்று 'வெட்டி'. கூலியின்றிச் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பு அது. நொபொரு கராசிமா என்ற ஜப்பானிய அறிஞர் தமிழ் கற்று, இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர். அடிக்கடி வருபவற்றுள் வெட்டியும் ஒன்று என்று கண்டார். அதிகாரிகள் வந்தால் ஊரார் சோறுபோட வேண்டிய கடமைக்கு 'எச்சோறு' என்று பெயர். வெட்டி என்ற சொல் இன்னும் நம் வாயில் இருக்கிறது. வேலைக்குப் போகாத பிள்ளையை "வெட்டியாகச் சுற்றுகிறான்" என்கிறோம். கூலியில்லாமல் உழைத்தவன் பெயர், உழைக்காதவன் பெயராக மாறிவிட்டது. யார் மாற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். 1010-ல் கலசம் ஏறிய அந்தக் கோயிலின் சுவரில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்திய நானூறு பெண்களின் பட்டியல் அது. தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருத்தி பெயரும் உண்டு. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும் உண்டு. எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பதும் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நானூறு பெண்கள் விருப்பப்பட்டு வந்தார்களா, அழுதுகொண்டு வந்தார்களா என்று கல் சொல்லாது. ஆனால் ஊரை விட்டு வந்தவர்களின் பெயரையும் ஊரையும் வீட்டு எண்ணையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசு எழுதி வைத்தது. நம்மைப் பற்றி இன்று அப்படி ஒரு பதிவேடு உண்டா? எந்தக் கட்டடத்தில் எத்தனை பேர், யார் பெயர், எந்த ஊர் என்று கேட்டால், ஒப்பந்தக்காரரின் சட்டைப்பைக் குறிப்பேட்டில் '12 ஆள்' என்று இருக்கும். அவ்வளவுதான்.

அதே கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் இருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது அவற்றையும் எழுதியிருக்கிறார்கள். 2019-ல் இயக்குநர் பா.இரஞ்சித், திருப்பனந்தாளில் பேசும்போது இராசராசன் காலத்து நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்டார். அவர் மேல் வழக்குப் போட்டார்கள். மன்னனின் சமயம் எது என்று 2022-ல் பல நாள் செய்தித்தாள்களில் சண்டை நடந்தது. அதில் பேசாதவரே இல்லை. நிலம் பற்றிக் கேட்டால் வழக்கு, சமயம் பற்றிக் கேட்டால் பட்டிமன்றம்!

இனி, நம்மை எழுதத் தூண்டிய செய்தி. நம் உறுப்பினர் ஒருவர், கட்டட மேஸ்திரி. அவர் மகன் எட்டாம் வகுப்பு. படம் பார்த்து வந்த சில நாளில் பள்ளியில் தகராறு. "இந்தத் திருப்பதி எங்கள் சோழ ராஜா ஆண்ட ஊர். நீங்களெல்லாம் பிறகு வந்தவர்கள்" என்று பக்கத்துப் பையனிடம் சொல்லியிருக்கிறான். அவன், "அப்படியானால் உன் அப்பா ஏன் எங்கள் ஊரில் கல் சுமக்கிறார்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். பிறகு நடந்தது கைகலப்பு. அப்பாவை அழைத்தார்கள். அவர் அன்றைய வேலையை விட்டுவிட்டுப் போய், ஆசிரியர் முன் கைகட்டி நின்றுவிட்டு வந்தார். "அண்ணே, அவன் கேட்ட கேள்விக்கு என் பிள்ளைக்கும் பதில் தெரியலை, எனக்கும் தெரியலை" என்று நம்மிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது.

அவர் மகனுக்கு என்ன பதில் சொல்வது? இந்த எல்லையில் பழைய காயம் ஒன்று உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. வேங்கடத்தை விடமாட்டோம் என்று ம.பொ.சி. தலைமையில் போராடினார்கள். படாஸ்கர் என்பவரின் தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு நம் தாத்தா காலத்தது. அதை ஓர் எட்டாம் வகுப்புப் பையன் தன் வகுப்பறை நடுவே திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டுமா?

சோழர் இங்கே வந்தது உண்மை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைப் பிடித்தான். திருவேங்கடமும் அதில் அடங்கும். ஆனால் இங்கேதான் அவன் இறந்தான். காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றூர் என்ற ஊரில் கி.பி. 907 அளவில் இறந்தான். அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே எடுத்த பள்ளிப்படைக் கோயில், ஆதித்தேச்சரம், இன்றும் இருக்கிறது. ஊர்ப்பெயர் இப்போது தொண்டமானாடு. பராந்தகன் மகன் இராசாதித்தன் 949-ல் தக்கோலத்தில் யானை மேலேயே மாண்டான். நம்மில் பலர் ஊருக்குப் போகும்போது ரயில் மாறும் அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான் தக்கோலம். இராசராசனின் பாட்டனார் அரிஞ்சயன் ஆற்றூரில் இறந்தவர். அவர் நினைவாகப் பேரன் எடுத்த கோயில், சித்தூர் எல்லையை ஒட்டி, பொன்னையாற்றங்கரையில் மேற்பாடியில் இருக்கிறது. ஆக, சோழர்க்கு இந்த வட்டாரம் ஆண்ட மண் மட்டுமன்று, பிணம் விழுந்த மண். அரசர் மூவர் பெயர் தெரியும். அவர்களோடு விழுந்த கூலிப்படை எத்தனை? அவர்களுள் சிலருக்கு மட்டும் ஊரார் நடுகல் நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் நம் தோழர்கள், செங்கம் பக்கத்தில் வயல் வரப்புகளில் அத்தகைய கற்களைப் பார்த்திருப்பார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயர்கூட அதில் எழுதியிருக்கும்.

அந்தப் பையன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இராசராசன் தன் மகளுக்குத் தன் தமக்கையின் பெயரையே வைத்தான், குந்தவை என்று. அவளை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். பிறந்த பேரனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர், இராசராச நரேந்திரன். இராசமகேந்திரவரத்தில் ஆண்ட அந்த நரேந்திரன்தான் நன்னயரை அழைத்துப் பாரதத்தைத் தெலுங்கில் பாடச் சொன்னவன். தெலுங்கின் ஆதிகவி என்று பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் அதே நன்னயர். நரேந்திரனின் மகன் 1070-ல் தெற்கே வந்து சோழ அரியணையில் ஏறினான். முதலாம் குலோத்துங்கன் என்கிறோம். அதற்குப் பின் வந்த சோழ மன்னர்களெல்லாம் அந்த வேங்கி வழிதான். வகுப்பறையில் அடித்துக்கொண்ட இரண்டு பையன்களில் யாருடைய ராஜா அவன்?

திருமலைக்கு வருவோம். பெருமாளைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறோம். அடுத்தவர் முதுகைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அந்தக் கோயில் சுவர்களில் எழுத்து நிறைந்திருக்கிறது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்ற பெரியவர் பாடுபட்டுத் திரட்டி, 1930-களில் தேவஸ்தானம் தொகுதி தொகுதியாக அவற்றை அச்சிட்டது. பெரும்பாலானவை தமிழில் இருப்பவை. விசயநகர மன்னர் காலத்துக் கொடைகள்கூட அங்கே மிகுதியும் தமிழிலேயே வெட்டப்பட்டன. திரைப்படத்தில் பிரகாஷ்ராஜ் நோயாளி அரசராகப் படுத்திருக்கிறாரே, அந்தச் சுந்தர சோழரைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று கல்வெட்டு சொல்லும். அவருடைய தேவியருள் ஒருவர், சேரர் மகள், இராசராசன் காலத்தில் திருவேங்கடமுடையானுக்கு மணிகள் பதித்த பொற்பட்டம் ஒன்று கொடுத்ததும் இந்தச் சுவரில் இருக்கிறது. படம் பார்த்து அழுதவர்களுக்கு இது ஒரு செய்தி.

ஆனால் நம் மனத்தைப் பிடித்தது பொற்பட்டம் அன்று. ஒரு விளக்குக் கணக்கு. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு அது. திருமுண்டியம் என்ற ஊரின் சபையார் கோயிலுக்கு இருபத்துநான்கு விளக்குகள் எரிப்பதாக ஒப்புக்கொண்டு, அதற்கான பொன்னை வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒன்று கர்ப்பூர விளக்கு. பொன் கைக்கு வந்தபின் என்ன செய்தார்கள்? இரண்டே விளக்கு எரித்தார்கள். இருபத்துநான்குக்கு இரண்டு! சபையார் என்றால் ஊரின் பெரிய மனிதர்கள், கேட்க யார் துணிவார் என்று நினைத்திருப்பார்கள். அரசனின் அதிகாரி ஒருவர் வந்து கோயில் காரியத்தை ஆராய்ந்தார், விளக்குகளை எண்ணினார். பொன்னைக் கோயில் பண்டாரத்தில் சேர்க்கச் சொல்லி, விளக்குகளை அங்கிருந்தே எரிக்க ஏற்பாடு செய்தார். அதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

படித்தபோது நமக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை, நம் தளங்கள்தான் நினைவுக்கு வந்தன. மஸ்டரில் இருபத்துநான்கு பேர், தளத்தில் பதினான்கு பேர். இருபத்துநான்கு பேர் கூலி யாரோ வாங்கிக்கொள்ள, இருபத்துநான்கு பேர் வேலையைப் பதினான்கு பேர் செய்கிறோம். தலைக்கவசம் இத்தனை, கையுறை இத்தனை என்று காகிதத்தில் இருக்கும். ஒரு கவசத்தை மூன்று பேர் மாற்றிப் போட்டுக்கொள்வோம். திருமுண்டியத்துச் சபையார் எங்கும் போய்விடவில்லை. விளக்கை எண்ணிப் பார்க்க வரும் அதிகாரியைத்தான் காணோம். பிள்ளைகளுக்கு நாம் காட்ட வேண்டிய சோழர் பெருமை ஒன்று உண்டென்றால், கடாரத்துக்குப் போன கப்பலைக் காட்டிலும், அன்று அந்த விளக்குகளை எண்ணிய விரலையே காட்டுவோம். அதைப் படமாக்க எந்தத் தயாரிப்பாளரும் வரமாட்டார் என்பது வேறு.

இந்த மலையடிவாரத்தில் நமக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ம் நாள், சேசாசலம் காட்டில், தமிழகத்திலிருந்து மரம் வெட்ட வந்த இருபது பேர், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் இறந்தார்கள். கடத்தல்காரர்கள் தாக்கினார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் மலைக்கிராமத்தார். இந்தக் காட்டையும் இந்தச் செம்மரத்தையும் வைத்து 2021 டிசம்பரில் 'புஷ்பா' வந்தது. கோடி கோடியாய்ப் பணம் குவிந்தது. அதிலும் மரம் வெட்டும் கூலி ஒருவன் முதலாளியாக உயர்வதுதான் கதை. வெட்டிக்கொண்டே இருப்பவர்கள் பின்னணியில் நிற்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதையானாலும் நேற்றைய கதையானாலும் கோடரி பிடித்தவனுக்குத் திரையில் கிடைக்கும் இடம் அதுவே. செங்கத்தில் மாடு மீட்டவனுக்குக் கல் நட்டார்கள். சேசாசலத்து இருபது பேருக்கு?

ஆகவே நம் கருத்து இது. பொங்கலுக்குப் படத்தைக் காட்டுங்கள். திரை கட்டும் செலவை நன்கொடையில் பார்த்துக்கொள்ளலாம், சங்க நிதியிலிருந்து எடுக்க வேண்டாம். பக்கத்துத் தெருத் தெலுங்குக் குடும்பங்களையும் அழையுங்கள். முன்வரிசையில் பாய் போடுங்கள். அந்தப் பையனோடு சண்டையிட்ட பையனும் தன் வீட்டாரோடு வரட்டும். அவர்களுக்குப் புரியும்படி இரண்டாம் இரவு தெலுங்கு ஒலியிலேயே ஓடட்டும். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். நமக்குத் தெலுங்கு தெரியாதா என்ன? அவர்களுக்குத்தான் தமிழ் தெரியாது.

படம் தொடங்குமுன் அரை மணி நேரம் நமக்குக் கொடுங்கள். வெட்டியையும், தளிச்சேரிப் பெண்டுகளையும், நன்னயரையும், இருபத்துநான்கு விளக்கையும் பற்றிப் பேசுவோம்.

படத்துக்குப் பின் வரும் ஞாயிறு, பிள்ளைகளைத் தொண்டமானாட்டுக்கு அழைத்துப் போவோம். காளத்தி வரை பேருந்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து பகிர்வு ஆட்டோ. அங்குள்ள எழுத்துகள் நமக்கே படிக்க வராது, ஆயிரம் ஆண்டு எழுத்தின் வடிவம் வேறு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உடன் வர இசைந்திருக்கிறார். க, த, ர முதலிய சில எழுத்துகளை அடையாளம் காட்டுவதாகச் சொல்கிறார். நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு இன்றைய தமிழ் எழுத்தே தெரியாது என்பதை அவரிடம் சொன்னோம். "அப்படியானால் இரண்டையும் ஒன்றாகவே தொடங்கிவிடலாம்" என்றார்.

பெயர் கொடுக்க விரும்புவோர் சம்பள நாளன்று மாலை சங்க அறைக்கு வரவும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம். பெண் பிள்ளைகளை அவசியம் அனுப்பவும். பேருந்துக் கட்டணம் சங்கம் ஏற்கும். கட்டுச்சோறு அவரவர் கொண்டுவர வேண்டும். மேஸ்திரியின் மகன் பெயரை ஏற்கெனவே எழுதிக்கொண்டோம். தன் வகுப்புத் தோழன் ஒருவனையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறான். வரட்டும்.